தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளைக் கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு அழைத்துச் செல்லக் கோரும் மனு

அனுப்புநர்:
தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
தாராவி, மும்பை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
பிருஹன்மும்பை மாநகராட்சி, மும்பை.

பொருள்: தீபாவளி விடுமுறையில் மாணவர்களை ஜூஹூ கடற்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா/அம்மையீர்,

வணக்கம். எங்களில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் திருச்செந்தூர்க் கரையில் மடி நிறையக் கிளிஞ்சலும் சோழியும் பொறுக்கி வருவார்கள். ரயில் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடலோர நகரத்தில் வளர்ந்தும் அவர்களுக்குக் கடற்கரை என்றால் மாலைக் கூட்டமும் பேல்பூரிக் கடையும்தான். மாஹிம் கரை எங்களுக்குப் பக்கம். ஆனால் மித்தி ஆற்றுக் கழிவு கலக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விட மனம் வரவில்லை. எனவே ஜூஹூவைக் கேட்கிறோம்.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகல் வாக்கில் கடல் ஏறும். காலை ஆறு, ஏழு மணி வாக்கில் நன்றாக உள்வாங்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டியே வருவதால், பண்டிகை முடிந்த இரண்டொரு நாளில் காலையிலேயே அகலமான ஈரமணல் கிடைக்கும். மழைக்காலத்தில் கரையொதுங்கும் கொட்டும் நீல ஜெல்லிமீன்களின் பயமும் அப்போது குறைவு. தண்ணீரில் இறங்கவே வேண்டாம், மணலில் நடந்தால் போதும்.

கடலுயிர்களைத் தெரிந்த ஒருவர் தமிழில் சொல்லித்தர உடன் வர வேண்டும் என்பதே எங்கள் முக்கிய வேண்டுகோள். காலிச் சங்கு என்று எடுப்பதன் உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம். கூம்புச் சங்கு உயிரோடிருந்தால் நஞ்சு கொட்டும். சில சங்கு வகைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. இது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அதட்டிச் சொன்னால் மனதில் நிற்காது. சங்குக்குள்ளிருந்து நண்டு கால் நீட்டுவதைப் பார்த்த பிள்ளை, தானே அதை மணலில் இறக்கிவிடும்.

மழைக்காலத்தில் கடல் ஏறும் நேரத்தை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. வற்றும் நேரத்தையும் பள்ளிகளுக்குத் தெரிவித்தால் மற்ற பள்ளிகளும் பயன்பெறும்.

பேருந்தும், கரையில் உயிர்காப்பாளரின் கவனிப்பும் ஏற்பாடு செய்து தரக் கோருகிறோம். காலைச் சிற்றுண்டியை நாங்களே சமைத்துத் தருகிறோம். தாய்மார்கள் சிலர் துணைக்கும் வருவோம். விடுமுறை தொடங்குமுன் அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர்களின் பெற்றோர்,
தாராவி.