மூன்று பெயர், ஒரு கடவுள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

இராயபுரம்,
சென்னை-13.

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மதுரையில் சைவ சித்தாந்த வகுப்புக்கு மறுபடியும் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே நாங்கள் நலம். பேத்தியின் திருமுழுக்குக்கு நீ அவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்ததை வீட்டில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவி என்று குரு மூன்று பெயரைச் சொன்னதைக் கவனித்திருக்கிறாய். "கடவுள் ஒருவரே என்று அழுத்திச் சொல்லுகிற நீங்கள் மூவரை அழைப்பது எப்படி? இது எங்கள் மும்மூர்த்திகளைப் போன்றதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். துறைமுகக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்தவன் ஒன்றும் மூன்றும் சமம் என்று கையொப்பமிடுவது எப்படி என்ற கேலியையும் ரசித்தேன்.

முதலில் எங்கள் பிரசங்கிகளின் உவமை ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒரே பொருள்தானே என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க எளிது; ஆனால், ஒரே கடவுள் மூன்று வேடம் தரிக்கிறார் என்றே அது பொருள்படும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரோடு சேர்த்துத் திருச்சபை தள்ளிய கருத்து அதுவே. வேடம்தான் என்றால் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தந்தையை நோக்கி மன்றாடியது வெறும் நடிப்பாகிவிடும். தண்ணீர் தன்னோடு தானே பேசுவதில்லை.

என் எண்ணத்தில் மூவொரு கடவுள் என்ற இந்தக் கோட்பாட்டைக் கணக்காகத் தொடங்கினால் வழி தவறும். வழிபாட்டிலிருந்து தொடங்க வேண்டும். இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்ற அறிக்கையை அன்றாடம் சொல்லி வளர்ந்தவர்கள். படைக்கப்பட்ட எதையும் வணங்குவதைவிடச் சாவது மேல் என்று எண்ணியவர்கள். அப்படிப்பட்டவர்களே இயேசுவை நோக்கி மன்றாடத் தொடங்கினார்கள். நம் பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசுகிற சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் சொன்னதாக யோவான் தம் நற்செய்தியில் எழுதுகிறார். ஏறத்தாழ 112 ஆம் ஆண்டில் ரோமை ஆளுநர் பிளினி தன் பேரரசனுக்கு எழுதிய மடலில், கிறித்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். ஆகவே விளக்கம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பாட்டும் மன்றாட்டும் திருமுழுக்கும் இருந்தன. கடவுள் ஒருவர் என்பதையும் விட முடியவில்லை, இயேசுவை வணங்குவதையும் நிறுத்த முடியவில்லை; இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்து தவித்ததன் விளைவே இந்தக் கோட்பாடு.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் இந்தத் தவிப்புக்குச் சுலபமான முடிவு ஒன்று சொன்னார். மகன் எல்லாவற்றுக்கும் மேலானவர்தாம். ஆயினும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்றார். கணக்கு நேராகிவிடுகிறது, உனக்கும் பிடித்திருக்கும். ஆனால், 325 இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை ஏற்கவில்லை. 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று இன்றும் திருப்பலியில் நாங்கள் சொல்வது அங்கே எழுந்த அறிக்கையின் வரிதான். பிற்பாடு அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார் இதற்காகவே வாதாடி ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். மகன் படைப்புதான் என்றால், இத்தனை காலமும் கிறித்தவர்கள் ஒரு படைப்பை வணங்கியிருக்கிறார்கள்; மேலும், ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு எப்படிச் சேர்க்கும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆரியுஸ் தரப்பில் நிறைவான விடை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி உன் மும்மூர்த்திக் கேள்வி. இதே ஐயத்தை நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் நிசா நகர் ஆயர் கிரகோரியாரிடம் எழுப்பியிருக்கிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனித இயல்பு ஒன்றாயினும் அவர்களை மூன்று மனிதர் என்கிறோம். அப்படியிருக்க தந்தை, மகன், தூய ஆவியை ஏன் மூன்று கடவுளர் எனக்கூடாது? கிரகோரியாரின் விடையின் சாரம் இது: மனிதர் மூவர் ஒரே தொழில் செய்தாலும் அவரவர் வேலை அவரவருக்குத் தனி, கடவுளின் செயலோ பிரிவதில்லை. தந்தையிடம் தொடங்கி, மகன் வழியே வந்து, தூய ஆவியில் நிறைவுறுகிற ஒரே செயல்தான் உண்டு. படைப்பது ஒருவர், காப்பது மற்றொருவர், ஒடுக்குவது வேறொருவர் என்ற தொழில் பங்கீட்டுக்கு இங்கே இடமில்லை. மும்மூர்த்திகளோடு இது பொருந்தாமைக்குக் காரணம் அதுதான். உன் சைவமும் அயன், மால், உருத்திரன் என்ற மூவருக்கும் அப்பால் அல்லவா சிவத்தை வைக்கிறது? அப்படியானால் ஒப்பிட வேண்டிய இடமே வேறு. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

தூய ஆவியைப் பற்றி நிசேயாவில் ஒற்றை வரிதான் இருந்தது. செசரியா ஆயர் பசிலியார் வழிபாட்டுப் புகழுரையில் தந்தையையும் மகனையும் ஆவியையும் சமமாக நிறுத்தியதற்காகக் குறைகூறப்பட்டார். திருமுழுக்கில் மூவரையும் சேர்த்து அழைத்துவிட்டுப் புகழும்போது மட்டும் ஒருவரைத் தாழ்த்துவது எப்படி என்று திருப்பிக் கேட்டார். 381 இல் கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் ஆவியையும் தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதிக்கப்படுபவர் என்று அறிக்கையிட்டது. ஆவி தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, மகனிடமிருந்துமா என்று கிழக்கும் மேற்கும் பிரிந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. அதற்கு வேறொரு கடிதம் வேண்டும்.

நம் சென்னையின் சக்கரை செட்டியாரைத் தொழிற்சங்கத் தலைவராகவும் மேயராகவும் நீ அறிவாய். இறையியலிலும் அவர் ஆழமாக எழுதியவர். தூய ஆவி என்பவர் உயிர்த்த இயேசுவே நம்முள் வந்து குடிகொள்ளும் நிலை என்ற கருத்தை முன்வைத்தார். இது மூன்றாமவரை இரண்டாமவருக்குள் கரைத்துவிடுகிறது. ஆகவே நான் ஏற்கவில்லை. ஆனால் பக்தியின் அனுபவத்திலிருந்து பேசிய அந்தக் குரலை ஒரு வரியில் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

கடலைச் சிறு குழிக்குள் இறைக்க முயன்ற குழந்தையை இறையியலாளர் அகுஸ்தினார் கண்டார் என்ற கதையை எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் மூவொரு கடவுள் ஞாயிறன்று சொல்வார்கள். கடவுளை மனித அறிவுக்குள் அடக்க முடியாது என்பதே அதன் பாடம். அது பிற்காலத்தில் கிளம்பிய கதை. கேட்பவன் வாயை அடைக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. கேட்கவே கூடாது என்று எண்ணியிருந்தால் அந்த மனிதர் இதைப் பற்றிப் பதினைந்து நூல்கள் எழுதியிருக்க மாட்டார். அன்பு செய்பவர், அன்பு செய்யப்படுபவர், அன்பு என்று மூன்றைச் சொல்லிப் பார்த்தார். அதுவும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒரு வெளிச்சம் அதில் கிடைக்கிறது. கடவுள் அன்பாக இருக்கிறார் என்றால், உலகம் உண்டாகும் முன்னே யாரிடம் அன்பாக இருந்தார்? முற்றிலும் தனித்த ஒருவரை வைத்துக்கொண்டு என்னால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. உறவு அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்ததன்று, அவருடைய இருப்பே உறவாக இருக்கிறது என்று கொண்டால் விடை கிடைக்கிறது. நான் கையொப்பமிடுவது இதற்குத்தான்.

இப்போது என் கேள்வி. சிவமும் சக்தியும் இரண்டல்ல, ஆயினும் வேறுபடுத்திப் பேசலாம் என்கிறீர்கள். அதற்குத் தாதான்மியம் என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். சக்தி சிவத்தின் குணம் மட்டும்தானா, அல்லது சிவத்தை எதிர்நோக்கி 'நீ' என்று சொல்லக்கூடியவளா? முதலாவது என்றால் நம் இரு வழிகளும் இங்கே பிரிகின்றன. இரண்டாவது என்றால் நாம் இன்னும் நெடுநேரம் பேச வேண்டியிருக்கும். உன் வகுப்பு ஆசிரியரையும் கேட்டு விரிவாக எழுது. பங்குனி உத்திரத்துக்குத் திருவொற்றியூர் வருவதாக இருந்தால் முன்னதாகச் சொல். சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்