ஆஸ்வால்டின் கோப்பு: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1963 நவம்பர் 22இல் டல்லாஸ் நகரில் நடந்த அமெரிக்க அதிபர் கென்னடி கொலை பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையில், அந்தக் கொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் கையாள் என்பது நிரூபணமாகிவிட்டது என்றும், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவே 1979இல் அதை ஒப்புக்கொண்டது என்றும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் தவறு. அந்தக் குழு, கொலைக்குப் பின்னால் சதி இருந்திருக்கக்கூடும் என்று சொன்னது உண்மை. ஆனால் அதே அறிக்கையில் சி.ஐ.ஏ., உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ., அதிபரைக் காக்கும் ரகசியப் பாதுகாப்புத் துறை ஆகிய மூன்றுக்கும் கொலையில் பங்கில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சதி என்ற முடிவுக்குக்கூட டல்லாஸ் காவல்துறையின் ஒலிப்பதிவு ஒன்றே பெரிய ஆதாரமாக இருந்தது. அதில் கேட்பவை அந்தத் துப்பாக்கிச் சூட்டின் சத்தங்களே அல்ல என்று தேசிய அறிவியல் கழகம் அமைத்த வல்லுநர் குழு 1982இல் கூறிவிட்டது.

ஆஸ்வால்டின் வாழ்க்கையைப் படிக்கிற எவருக்கும் சந்தேகம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. யூ-2 உளவு விமானங்கள் பறந்த ஜப்பானின் அட்சுகி தளத்தில் ரேடார் பணி, 1959இல் மாஸ்கோவுக்குப் போய்க் குடியுரிமையைத் துறக்கப்போவதாக அறிவிப்பு, மின்ஸ்க் வானொலித் தொழிற்சாலையில் வேலை, 1962 ஜூனில் ரஷ்ய மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஊர் திரும்பல். இதைப் பார்த்தால் யாரோ அனுப்பி வைத்ததாகத்தான் தோன்றும். ஆனால் கட்டுரையாளர் பெரிதாகக் காட்டுகிற 435 டாலர் 71 சென்ட், திரும்பி வரப் பணமில்லாத குடிமக்களுக்கு வெளியுறவுத் துறை கொடுக்கும் பயணக் கடன். அதை ஆஸ்வால்ட் சிறுகச் சிறுகக் கட்டி 1963 ஜனவரியில் தீர்த்திருக்கிறார். உளவு நிறுவனத்தின் ஊழியருக்கு இந்தப் பாடு எதற்கு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தக் கட்டடத்திலிருந்து சுட்டதாக அவர்மேல் குற்றஞ்சாட்டப்பட்டதோ, அந்தப் பாடப்புத்தகக் கிடங்கில் அவர் வேலைக்குச் சேர்ந்தது 1963 அக்டோபர் 16. அதிபரின் ஊர்வலம் அந்தக் கட்டடத்தை ஒட்டிப் போகும் என்ற விவரம் செய்தித்தாளில் வந்தது நவம்பர் 19. அந்த வேலையைப் பற்றிய தகவல் பக்கத்து வீட்டுப் பேச்சில் வந்தது. ஊர்வலத்துக்காக யாரோ அவரை அங்கே அமர்த்தினார்கள் என்பதற்கு இது பொருந்தவில்லை.

நான் அரசு அலுவலகம் ஒன்றின் பதிவறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கோப்பில் ஒரு தாள் குறைந்தால், பெரும்பாலும் அது யாரோ ஒருவர் செய்யத் தவறியதை மறைக்கக் கிழிக்கப்பட்ட தாளாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் ஆஸ்வால்டின் கோப்பையும் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போது சி.ஐ.ஏ.வின் மீது எனக்கு வருகிற கோபம் கட்டுரையாளருடைய கோபத்தைவிடக் குறைந்ததல்ல.

1963 அக்டோபர் 10ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ நகரின் சோவியத் தூதரகத்தை ஆஸ்வால்ட் தொடர்பு கொண்டதை அங்கிருந்த சி.ஐ.ஏ. நிலையம் தலைமையகத்துக்குத் தெரிவித்திருந்தது. தலைமையகம் அனுப்பிய பதிலில், அவரைப் பற்றித் தன்னிடமுள்ள கடைசித் தகவல் 1962 மே மாதத்து அறிக்கைதான் என்று எழுதியது. உண்மையில், அந்த ஆகஸ்டில் அவர் நியூ ஆர்லியன்ஸில் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரிக்கும் துண்டறிக்கை கொடுத்துக் கைதானது வரையிலான எஃப்.பி.ஐ. அறிக்கைகள் அதே தலைமையகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அதே நாளில் மற்றத் துறைகளுக்குப் போன செய்தியிலோ, தூதரகத்துக்கு வந்தவர் ஏறக்குறைய 35 வயது, ஆறடி உயரம், முன்வழுக்கை என்று அடையாளம் சொல்லப்பட்டது. ஆஸ்வால்டுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. இது வேறொருவரின் தோற்றம்.

எஃப்.பி.ஐ.யின் செயலும் இதற்குக் குறைந்ததல்ல. தன் மனைவியை விசாரிக்கக் கூடாது என்று ஆஸ்வால்ட் டல்லாஸ் அலுவலகத்துக்கு நேரில் வந்து ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். காவலில் இருந்த ஆஸ்வால்ட் சுட்டுக் கொல்லப்பட்ட நவம்பர் 24ஆம் தேதி, மேலதிகாரியின் சொற்படி அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதாக ஜேம்ஸ் ஹாஸ்டி என்ற அதிகாரி பிறகு சாட்சி சொன்னார்; மேலதிகாரி அதை மறுத்தார். இது வெளியே வந்தது 1975இல். கொலையை முதலில் விசாரித்த வாரன் ஆணையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. போட்ட திட்டங்களும் அந்த ஆணையத்திடம் மறைக்கப்பட்டன. அவற்றை அறிந்திருந்த சி.ஐ.ஏ.வின் முன்னாள் இயக்குநர் ஆலன் டல்லஸ் ஆணையத்தின் உறுப்பினராகவே அமர்ந்திருந்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையாகத் தோன்றுவது ஜார்ஜ் ஜோனிடஸ் விவகாரம். நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்வால்டோடு தெருவில் மோதிய காஸ்ட்ரோ எதிர்ப்புக் கியூப மாணவர் அமைப்புக்கு 1963இல் சி.ஐ.ஏ. பணம் கொடுத்து வந்தது. அந்த அமைப்பைக் கவனித்துக்கொண்ட அதிகாரி இவர். 1978இல் பிரதிநிதிகள் சபைக் குழு ஆவணங்களைக் கேட்டபோது, குழுவுக்கும் நிறுவனத்துக்கும் இடையே தொடர்பு அலுவலராக சி.ஐ.ஏ. அமர்த்தியது இதே மனிதரை! சாட்சியாக அழைத்துச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரித்திருக்க வேண்டியவர், எந்தக் கோப்பு கைக்கு வரும், எது வராது என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் பிளேக்கிக்கு இது தெரிய வந்தபோது ஜோனிடஸ் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தச் செய்திகளில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. ஆஸ்வால்டைக் கண்காணித்தார்கள், கண்காணித்ததை மறைத்தார்கள் என்பதற்குக் கையெழுத்திட்ட தாள்கள் இருக்கின்றன. கொலைக்கு ஏவினார்கள் என்பதற்கு, கென்னடி கொலை ஆவணங்களை வெளியிடச் சொன்ன 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியான பல லட்சம் பக்கங்களிலும், 2025 மார்ச்சில் வந்தவற்றிலும் ஒரு தாள் வெளிப்படவில்லை. முதலாவதையே இரண்டாவதற்குச் சான்றாக வைத்தால், மறைத்தவர்கள் செய்த உண்மையான குற்றம் யாருடைய கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. நீதிமன்றத்தில் நிற்காமலேயே இறந்துபோன ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற சொல்லையாவது கட்டுரையாளர் பயன்படுத்தியிருக்கலாம்.

1979ஆம் ஆண்டு அறிக்கை பற்றிய தவறான வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிக்கையின் முடிவுரைப் பகுதியின் நகல் என்னிடம் உள்ளது. தேவையெனில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
தஞ்சாவூர்