செத்த செடிகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் தோட்டப் பக்கத்தில் ஏழு குறிப்புகளைக் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தீர்கள். அவற்றில் மூன்றை ஏற்கெனவே செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். நான்காவதைச் செய்துபார்த்தவர் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார். மற்ற மூன்றும் சரியானவைதான், நன்றி.

கணக்கு எழுதியே 34 ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் ஒன்று உறுத்துகிறது. தங்கள் பக்கத்தில் வரவு மட்டுமே இருக்கிறது. கூடை நிறையக் காய், கொத்துக் கொத்தாகப் பூ, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒருவர். செலவுப் பக்கமே இல்லாத பேரேட்டை யாராவது கொண்டுவந்து நீட்டினால் அந்தக் காலத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நாங்கள் ஐந்து பேர் மாலையில் செடிக்குத் தண்ணீர் விட்டு முடித்ததும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கூடுவோம். ஓய்வுபெற்ற டீச்சர், தையல் வேலை செய்பவர், கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று செடி வளர்க்க வந்த ஒரு தம்பி, பக்கத்து வீட்டு அம்மா, நான். அங்கே யாரும் அறுவடையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "இன்றைக்கு என்ன போயிற்று?" என்றுதான் பேச்சு தொடங்கும். என் மனைவி இதை இழவு வீட்டுத் திண்ணை என்பாள். மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் தொட்டிகளாக அடுக்கிவிட்டேன் என்ற கோபம் அவளுக்கு உண்டு. அந்த வழக்கும் அதே வாசலில்தான் விசாரணைக்கு வரும். தளத்தில் ஈரம் இறங்காமலிருக்கத் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைக்கவேண்டும் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். தூக்கி வைத்தேன். துணிக்கு இன்னும் இடம் வரவில்லை.

முதலில் என் தக்காளி. காய் பழுக்கும் முன்பே அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள் என்று தங்கள் பக்கத்தில் அன்றும் வந்தது, போன ஞாயிறும் வந்தது. போட்டேன். அடுத்த கொத்தும் கறுத்தது. எப்சம் உப்பு போடுங்கள் என்று வேறெங்கோ படித்தேன், அதையும் போட்டேன். தையல்காரர் செடியைக்கூடப் பார்க்கவில்லை. "சார், சனி ஞாயிறு நீங்கள் ஊரில் இருப்பதில்லையே, தண்ணீர் யார் விடுகிறார்கள்?" என்றார். யாரும் விடுவதில்லை. இரண்டு நாள் மண் வெடிக்கக் காயும். திங்கட்கிழமை குற்ற உணர்ச்சியோடு இரண்டு வாளி ஊற்றுவேன்.

விஷயம் அதுதான். சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீரோடுதான் ஏறுகிறது. இலைகள் நீரை ஆவியாக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால் பெரும்பங்கு அவற்றுக்குப் போகிறது. காயின் அடிமுனை வரிசையில் கடைசி. தண்ணீர் தடைப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பது அந்த முனை. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்குக் கிடைக்காது. முட்டை ஓடோ மண்ணில் கரைய மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அளவு மீறினால் சுண்ணாம்பு ஏறுவதையே அது தடுக்கும். நான் நோயாளிக்குச் சோறு போடாமல் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, ஊரில் இல்லாத நாட்களில் தண்ணீர் விடும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்தேன். அடுத்து வந்த காய்கள் கறுக்கவில்லை.

இரண்டாவது கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வெள்ளையாக எதைக் கண்டாலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள் என்பது தங்கள் குறிப்பு. அடித்தேன். சில நாளில் அதே கிளையில் இன்னும் பெரிதாக, சடை சடையாக வெள்ளைப் பூச்சிகள். பூச்சிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்து ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து நசுக்கினேன். பதினான்கு. கணக்குப் பழக்கம், எண்ணிவிட்டேன். மாலையில் பெருமையாகச் சொன்னபோது டீச்சர் கேட்டார்: "அவை வேகமாக ஓடினவா?" ஓடின. மாவுப்பூச்சி ஓடாது, அசைந்தாலும் ஆமை நடைதான். நான் கொன்றவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் இளம்புழுக்கள். கிரிப்டோலேமஸ் என்று பெயர். உடம்பெல்லாம் மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு இரையைப் போலவே வேடம் போடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காக்க 1891-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் விட்ட வண்டு அது. எனக்குத் தானாக வந்து வேலை பார்த்தது. நான் குச்சியால் கூலி கொடுத்தேன்.

டீச்சர் இன்னொன்றும் காட்டினார். தண்டில் வரிசையாக எறும்புகள். மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக அவை காவல் நிற்கின்றன. பொறிவண்டு வந்தால் விரட்டுகின்றன. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மேலே என்ன அடித்தாலும் பாதி வேலைதான். இது உங்கள் கட்டத்தில் ஒரு வரி பிடித்திருக்கும், போட்டிருக்கலாம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற குறிப்பைத் தயவுசெய்து இனி அச்சிடாதீர்கள். நேர்மாறானது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகே தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் நெருக்கமாக உயர்ந்துவிடும். இதற்கு நான் ஒரு ரோஜாச் செடியைப் பலி கொடுத்தேன்.

எங்கள் பேச்சும் வேதவாக்கல்ல. வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் பூவைக் கூட்டுமா என்று மூன்று மாதம் சண்டை போட்டோம். கடைசியில் கணினித் தம்பி ஒரே அளவு தொட்டி இரண்டில் ஒரே நாற்றை வைத்து, ஒன்றுக்குத் தோல் தண்ணீர், மற்றதற்கு வெறும் தண்ணீர் விட்டான். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, கொசுதான் கூடுதல். தையல்காரர் இன்றும் தோலை ஊறவைக்கிறார். "இருக்கட்டும் சார், கை பழகிவிட்டது" என்கிறார். இதற்குமேல் என்ன பேசுவது!

பக்கத்து வீட்டு அம்மாவின் சுரைக்கொடியில் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. ஆளாளுக்கு ஒரு உரம் சொன்னோம். டீச்சர் மட்டும், "பூ எப்போது விரிகிறது?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. காலையில் போனால் வாடிக் கிடக்குமாம். சுரைப்பூ சாயங்காலம் விரிவது. தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அந்துப்பூச்சிதான் வரவேண்டும். அது வராவிட்டால் பிஞ்சு நிற்காது. இப்போது இருட்டும் நேரத்தில் அந்த அம்மா டார்ச்சோடு போய், நீளக் காம்புள்ள ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவில் தடவிவிட்டு வருகிறார். பந்தலில் நான்கு காய் தொங்குகிறது. அவர் கணவர் மட்டும், இந்த வயதில் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு என்ன வேலை என்று முணுமுணுக்கிறார்.

ஐயா, நான் கேட்பது அதிகமில்லை. ஞாயிறு பக்கத்தில் கால் பத்தி போதும். வாசகர்கள் தம் வீட்டில் செத்த செடியைப் பற்றி எழுதட்டும். எத்தனை மணி நேரம் வெயில் பட்டது, தொட்டி எவ்வளவு ஆழம், எப்படித் தண்ணீர் விட்டார்கள், கடைசியாக என்ன போட்டார்கள் என்ற விவரம் இல்லாத கடிதங்களைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுங்கள். ஒரு வைத்தியத்தை அச்சிடும்போது, அது எந்தக் காரணத்தால் வந்த நோய்க்கு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். மஞ்சள் இலைக்குத் தண்ணீர் குறைவும் காரணம், தண்ணீர் மிகுதியும் காரணம். இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொன்னால் பாதிப் பேர் வீட்டுச் செடி செத்துப்போகும்.

முதல் கடிதத்தை நானே அனுப்பத் தயாராக இருக்கிறேன். யார் வைத்தாலும் வரும், பிடுங்கி எறிந்தாலும் வரும் என்று எல்லோரும் சொல்லும் புதினாவைப் பற்றியது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் போய்விட்டது.

இப்படிக்கு,
செடி வளர்க்கும் வாசகர் ஒருவர்