நெதர்லாந்துப் பொலிஸ் பதவிப்பெயர்களை ஆங்கிலத்தில் தரும் முறை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்துப் பொலிஸாரின் முறைப்பாட்டுப் பதிவுகளையும் விசாரணை அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரும்போது, கையொப்பமிட்ட அலுவலரின் பதவிப்பெயரை டச்சு மொழியிலேயே வைத்து அருகில் ஆங்கில விளக்கம் சேர்க்கிறோம். இதற்குக் காரணம் என்னவென்று உங்களில் சிலர் கேட்டிருப்பதால், எங்கள் நடைமுறையை இங்கு விளக்குகிறோம்.

இலங்கையில் பிரித்தானிய முறையை ஒட்டிய கான்ஸ்டபிள், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர் என்ற வரிசைக்குப் பழகிய நமக்கு, டச்சுப் பெயர்களும் அவற்றுக்கு நேராகப் பொருந்திவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எழுத்தில் ஒத்திருக்கும் பெயர்களே பெரும்பாலும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஹோஃப்ட்ஆஹென்ட் எனப்படும் மூத்த கான்ஸ்டபிளுக்கு அடுத்த மேற்படியிலும் இன்ஸ்பெக்தருக்குக் கீழேயும் இருக்கும் பிரிகாடீர், பணியளவில் சார்ஜன்ட்டுக்கே நெருக்கமானவர். அதை பிரிகேடியர் என்று எழுதினால், லண்டனில் அதைப் படிப்பவர் கர்னலுக்கு மேலான இராணுவ அதிகாரி ஒருவர் உங்கள் வீட்டுத் திருட்டை விசாரித்ததாக எண்ணக்கூடும். கொம்மிசாரிஸ் என்ற பெயரும் இப்படித்தான். லண்டன் பெருநகரப் பொலிஸில் கமிஷனர் என்பவர் அப்படை முழுவதற்கும் தலைவர். நெதர்லாந்திலோ கொம்மிசாரிஸுக்கு மேலே ஹோஃப்ட்கொம்மிசாரிஸும், அவருக்கும் மேலே முதல்நிலை ஹோஃப்ட்கொம்மிசாரிஸும் இருக்கிறார்கள். 2013 ஜனவரி 1 முதல் ஒரே தேசியப் பொலிஸாக இயங்கும் அமைப்பின் தலைவரைக் குறிக்கும் கோர்ப்ஸ்செஃப் என்பது பொறுப்பின் பெயரேயன்றிப் பதவிநிலை அன்று.

எங்களை மிகுந்த கவனத்துடன் இருக்க வைப்பது ஒஃபிசீர் ஃபன் யுஸ்தித்சி என்ற பெயராகும். இவர் பொலிஸ் அலுவலர் அல்லர், அரசு வழக்குத்தொடுநர். இவருடைய பெயரோடு துணை என்று பொருள்படும் ஹுல்ப் என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் வேறொருவர் குறிக்கப்படுகிறார்: சந்தேகநபரைத் தடுத்து வைப்பது போன்ற முடிவுகளை எடுக்கச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கும், பெரும்பாலும் பொலிஸைச் சேர்ந்த அலுவலர் அவர். ஒருவரைத் தடுத்து வைக்க உத்தரவிட்டவர் யார் என்பது வழக்கின் போக்கையே பாதிக்கக்கூடியது என்பதால், இவ்விரு பெயர்களையும் பொதுவாக அதிகாரி என்று எழுதிவிட எங்களுக்கு மனம் வருவதில்லை.

பழைய ஆவணங்களுக்கு வேறொரு கவனம் தேவைப்படுகிறது. 1994இல் பிராந்தியப் பொலிஸ் படைகள் உருவாகும் முன்பு நகராட்சிப் பொலிஸும் ரைக்ஸ்பொலிட்ஸி எனப்பட்ட அரசுப் பொலிஸும் தனித்தனியாக இருந்தன. எண்பதுகளில் நெதர்லாந்துக்கு வந்த குடும்பங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தாள்களில் வாக்ட்மேஸ்டர் என்ற பதவி இருந்தால், அது அந்த அரசுப் பொலிஸைச் சேர்ந்தவருடையதாகவும் இருக்கலாம், ஸ்கிப்போல் விமான நிலையத்தில் எல்லைக் கட்டுப்பாட்டை நடத்தும் மாரெஷௌஸே படையைச் சேர்ந்தவருடையதாகவும் இருக்கலாம். 1814இல் தோன்றிய மாரெஷௌஸே ஆயுதப்படைகளின் ஒரு பிரிவு. ஆகவே அதன் பதவிகளை இராணுவ முறைப்படியே விளக்க வேண்டும்.

பதவிப்பெயரில் இவ்வளவு கவனம் தேவையா என்றால், தேவை என்றே கருதுகிறோம். ப்ரொசெஸ் ஃபெர்பால் என்னும் அறிக்கையை அலுவலர் தம் பதவிப் பிரமாணத்தின் பேரில் எழுதுகிறார். நெதர்லாந்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை அதிகாரம் பெற்ற அலுவலரின் அத்தகைய அறிக்கை ஒன்றை மட்டும் கொண்டே நீதிபதி குற்றம் நிரூபிக்கப்பட்டதாக ஏற்க முடியும். அதில் கையொப்பமிட்டவர் யார் என்பதை, மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் உறுதிசெய்யக்கூடியதாக மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும்.

ஆகவே ஆவணங்களை அனுப்பும்போது, கையொப்பமும் முத்திரையும் உள்ள கடைசிப் பக்கத்தையும் தவறாமல் சேர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பு எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில் கொடுக்கப்படவுள்ளது என்பதையும் குறிப்பிடுங்கள். ஆஹென்ட் என்பதற்குப் பிரித்தானியாவுக்கான விளக்கத்தில் கான்ஸ்டபிள் என்றும், அமெரிக்காவுக்கானதில் பொலிஸ் ஆஃபிசர் என்றும் எழுதுவோம். டச்சுப் பெயர் இரண்டிலும் மாறாமல் இருக்கும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பிரிவினர்