வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும்; நடந்தவை 11. அக்டோபரில் படிப்பகத்தின் ஓடு ஒழுகியதால் கூட முடியவில்லை. அந்த ஓட்டை இன்னும் மாற்றவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்; சந்தா பாக்கி உள்ளவர்கள் அதுவரை எழுந்து போகாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரிக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று பலகையில் எழுதியபோது வருகை குறையும் என்றே பயந்தேன். ஆனால் பேச்சு நம் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1991 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849. மாநில அளவில் 948. தனித்தனி வீட்டில் விசாரித்தால் பால் புரையேறியது, சீக்கு வந்தது என்று நம்பும்படி ஒரு காரணம் இருக்கும். மாவட்டம் முழுக்கக் கூட்டிப் பார்த்தபோதுதான், பெண் பிள்ளைக்கு மட்டும் ஏன் புரையேறுகிறது என்ற கேள்வி வந்தது. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் மாவட்டத்தில் தொடங்கியது.

அப்போது ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரான நம் உறுப்பினர் எழுந்தார். "ரிஜிஸ்டர்ல சாவுக்குக் காரணம் சோஷியல் காஸ்னு எழுதுவோம். நானும் எழுதியிருக்கேன். கொலைன்னு எழுதிட்டு மறுநாள் அந்தத் தெருவுக்குள்ள சொட்டு மருந்து கொடுக்கப் போக முடியுமா?" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மழுப்பலாக எழுதினாலும் எழுதி வைத்தாரே, அதனால்தான் எண்ணவாவது முடிந்தது என்பது என் கருத்து.

2001-இல் நம் எண் 851. பத்தாண்டில் கூடியது இரண்டுதான்! தொட்டில் வைத்தோம், ஸ்கேன் மையம் வந்துவிட்டது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தும் அந்த நிலை. 2011-இல் நாம் 900-ஐத் தாண்டினோம். அதே ஆண்டு கடலூர் 896-இல் நின்றது.

2021-இல் எடுக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு தரும் அரிசிக்கு இன்னும் 2011 தலைக்கணக்குதான். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் நம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். கூட்டத்தை மாலை ஐந்திலிருந்து ஏழுக்கு மாற்றிய மாதத்திலிருந்து பெண்களின் கையெழுத்து பாதிக்கும் கீழே போயிருக்கிறது. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதியவன் நானே. வரும் மாதம் முதல் கூட்டம் மீண்டும் ஐந்து மணிக்கு என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. அலுவலகத்திலிருந்து வருபவர்கள் தாமதமாக வந்தாலும் தேநீர் இருக்கும்.

பணிவுடன்,
செயலாளர்