டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் டாக்டர்களுக்கு: சி.ஹெச்.எஃப். என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டார மருத்துவர்களுக்கு வணக்கம். சி.ஹெச்.எஃப்., அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத ஹார்ட் ஃபெய்லியர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, டிஸ்சார்ஜ் சம்மரித் தாளில் நீங்கள் எழுதுவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மெடிக்கல் கோடர். காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைப் படித்து, டாக்டர் எழுதியிருக்கும் நோய்க்கு, ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எண் போடுகிறேன். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 30 என்று கண்ணெதிரே இருந்தாலும், டாக்டர் தன் குறிப்பில் 'சிஸ்டாலிக்' என்றோ 'ஈ.எஃப். குறைந்த வகை' என்றோ எழுதாதவரை நான் அந்த வகைக்கான எண்ணைத் தொடக் கூடாது. வெறும் ஹார்ட் ஃபெய்லியர் என்றிருந்தால் ஐ50.9, அதாவது வகை சொல்லப்படாதது. இதயம் சுருங்குவதில் கோளாறு என்றால் சிஸ்டாலிக், ஐ50.2; விரிந்து நிரம்புவதில் கோளாறு என்றால் டயஸ்டாலிக், ஐ50.3; இரண்டும் சேர்ந்தால் ஐ50.4. புதிதாக வந்ததா, நாள்பட்டதா, நாள்பட்டது இப்போது முற்றியிருக்கிறதா என்பதைக் கடைசி இலக்கம் சொல்லும். நாள்பட்ட சிஸ்டாலிக் ஐ50.22, அதே ஆள் மூச்சு முட்டி அட்மிட் ஆனால் ஐ50.23. கூடவே ரத்த அழுத்தமும் இருந்தால், 'இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்று டாக்டர் எழுதினாலொழிய, ஐ11.0 முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாள்பட்ட கிட்னி நோயும் சேர்ந்தால் ஐ13.

விவரம் போதாவிட்டால் அந்த டாக்டருக்கே கேள்வி போகும், பதிலை அவர் கோப்பில் ஏற்றுவார். ஆஸ்பத்திரிக்கு வரும் இன்ஷூரன்ஸ் பணம் அந்த எண்ணில் தொங்குவதால்தான் இவ்வளவு கறார். அமெரிக்க டாக்டர்களுக்கு உங்களைவிட அக்கறை அதிகம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை.

இந்தியாவில் பின்பற்றும் உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் ஐ50-க்குக் கீழே மூன்றே பிரிவுகள்தான். அதனால் எண்ணுக்காக உங்களிடம் வரவில்லை. அந்த எண்ணைப் போட எனக்குத் தேவைப்படும் விவரம்தான், ராத்திரி டியூட்டியில் இருக்கும் அடுத்த டாக்டருக்கும் தேவைப்படுகிறது.

பள்ளத்தூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் போன வருடம் அப்படித்தான் ஆனது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரத்தில் நடுராத்திரி மூச்சுத்திணறல். காரைக்குடியில் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டர், பொறுமையானவர். பெரியம்மா மஞ்சப்பையிலிருந்து சம்மரியை எடுத்துக் கொடுத்தார். 'சி.ஹெச்.எஃப்., கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட், கண்டிஷன் ஸ்டேபிள்.' அவ்வளவுதான். எக்கோவில் எவ்வளவு இருந்துச்சும்மா, வீட்டுக்குப் போறப்ப எடை என்ன, தண்ணி மாத்திரை (நீர் பிரியச் செய்வது) எத்தனை மில்லிகிராம் என்று அவர் கேட்கக் கேட்க, "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்பதற்கு மேல் பெரியம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டோம். அவரிடமும் அதே தாளின் வாட்ஸ்அப் படம்தான் இருந்தது. பெரியப்பா தேறிவிட்டார். ஆனால் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

நம் பக்கத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். இரண்டு கட்டு, மூன்று கட்டு வீட்டில் வயதானவர்கள் இருவர், வேலைக்கு வரும் அம்மா ஒருவர். ஆபத்துக்கு அவர்கள் சார்பில் பேசுவது நீங்கள் கொடுத்த தாள் மட்டும்தான். கல்யாணத்தில் பெண்ணுக்குப் பரப்பிய சீர்ச் சாமானில் கரண்டி எத்தனை என்றுகூட எழுதி வைத்த ஊர் இது, ஈ.எஃப். எத்தனை என்று எழுதுவதில் என்ன சிரமம்?

ஈ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரு வகை, 41 முதல் 49 வரை ஒன்று, 50-உம் அதற்கு மேலும் இன்னொன்று என்பதும், வைத்தியம் அதை ஒட்டி மாறும் என்பதும் நீங்கள் அறியாததல்ல. எனக்குப் பயம் வேறு இடத்தில். மாத்திரை சாப்பிட்டு 30 இருந்தது 50 ஆகிவிட்டது, பழைய அளவு எந்தத் தாளிலும் இல்லை என்று வையுங்கள். புது டாக்டர் எக்கோவைப் பார்த்து "இதயம் நல்லா இருக்கே" என்று மாத்திரையைக் குறைக்கலாம். நோயாளியே நிறுத்திவிடவும் கூடும். இதயத்தசை தளர்ந்து இதயம் பெருத்து, பிறகு இப்படித் தேறியவர்களுக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த ட்ரெட்-ஹெச்.எஃப். ஆய்வு 2018-இல் வெளியானது. பத்துக்கு நாலு பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. பழைய ஈ.எஃப்.பையும் தேதியையும் சம்மரியில் தாங்கிப் போவதுதான் இதற்குக் காவல்.

காரணத்தையும் எழுதுங்கள். மாரடைப்பால் வந்ததா, வால்வு கோளாறா, குடியா, பி.பி.யா? 'உப்பு குறைக்கவும்' என்பதும் போதாது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள உப்புக்கண்டமும் மோர்மிளகாயும் வைக்கும் வீடுகள் இவை. பெயர் சொல்லித் தடுத்தால்தான் நிற்கும். வீட்டுக்கு அனுப்பும் நாளின் எடையை எழுதி, உடம்பில் நீர் தேங்கி மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் வரச் சொல்லுங்கள்.

அப்புறம், இறப்புக் காரணச் சான்று. ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் 4ஏ. அதன் முதல் பகுதியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஹார்ட் ஃபெய்லியர் என்று மட்டும் எழுதினாலும் பாதி வழிதான். அதற்கு அடிப்படையான நோயைக் கீழ் வரியில் கேட்கிறார்கள். 2023-இல் திருத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இந்தச் சான்றின் நகலை உறவினருக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். இனி அதை வீட்டாரும் படிப்பார்கள்.

ஓ.பி. வாசல்வரை கூட்டம் நிற்கும்போது கதை எழுத நேரமில்லை என்பது தெரியும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள்: ஈ.எஃப்., எக்கோ தேதி, புதியதா நாள்பட்டதா, காரணம், போகும்போது எடை, தண்ணி மாத்திரை அளவு. ஆறு இடம் காலியாக இருந்தால் நர்ஸே பாதியை நிரப்பிவிடுவார், நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். எந்த ஆஸ்பத்திரியாவது தொடங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து டியூட்டி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நான் காட்டித் தருகிறேன். கட்டணம் வேண்டாம், காபி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்