துப்பட்டாவுக்குப் பின் குத்தாத கதாநாயகி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள செல்வாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சினிமா ஸ்கிரிப்டைப் படித்து முடித்தேன். அப்பா இன்டர்வெல் வரைக்கும் படித்துவிட்டு, "பையன் தேறிட்டான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வில்லன் நன்றாக இருக்கிறான். நண்பனாக வருகிறவன் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்வது திருப்பாதிரிப்புலியூரில் நடப்பது மாதிரியே இருக்கிறது. யாரிடம் வாங்கினான், வாரம் எவ்வளவு கட்டுகிறான், எல்லாம் எழுதியிருக்கிறாய். உதைக்கிற இடம் கதாநாயகியாக வருகிற பெண்தான்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், காற்றில் துப்பட்டா பறந்து ஹீரோ முகத்தில் விழுகிறது. ஏன்டா, தையல்காரி பிள்ளை எழுதுகிற எழுத்தா இது? காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தோளில் பின் குத்தாமல் துப்பட்டா போட்டிருக்கிற பெண் ஒருத்தியை எனக்குக் காட்டு. பின்னைக் குத்தி, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, எந்தக் கை எங்கிருந்து வருமோ என்று பார்த்தபடி நிற்பார்கள். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் சுடிதார் தைக்கக் கொடுத்தால் முதலில் கேட்பது சைடு பாக்கெட். போன் முழுசாக உள்ளே போகணும், உட்கார்ந்தால் வெளியே விழக்கூடாது. கழுத்து டிசைன் எல்லாம் அதற்கப்புறம்தான். பிறகு அவள் டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறாளாம், இவன் கொடுக்கிறானாம். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசே கிடையாது, மறந்துபோச்சா? வேறு ஏதாவது சாக்கு சொல்லிப் பேச வை.

அந்தப் பஸ்ஸில் அவள் எங்கே போகிறாள்? முழுக்கத் தேடினேன். "22 வயது, துறுதுறுப்பு, கன்னத்தில் குழி" என்பதோடு விட்டுவிட்டாய். சம்பளம் உண்டா, அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள், ஒன்றும் இல்லை. நம் சினிமா எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974இல் பாலசந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதாவின் சம்பளத்தில்தான் வீடே சாப்பிடும். நம்ம மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் படமாக வந்தது, லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதில் லட்சுமி நடித்த கங்காவை ஊரும் உறவும் என்ன பேசினாலும் அவள் ஆபீஸ் போய்ச் சம்பாதித்துச் சொந்தக் காலில் நிற்பாள். அப்புறம் 1992இல் 'மன்னன்' வந்தது. கம்பெனியையே கட்டி ஆண்ட விஜயசாந்தி கடைசியில் வீட்டோடு இருக்கிற மனைவியாகிவிடுவார். தியேட்டரே கை தட்டியது. 'படையப்பா'வில் பொறுமையாக இருந்தவளுக்குத் தாலி, ஆசையை வாய்விட்டுச் சொன்ன நீலாம்பரிக்குத் துப்பாக்கி. ஆனாலும் நீலாம்பரியாக வந்த ரம்யா கிருஷ்ணனைத்தான் என் கடைக்கு வந்த பெண்கள் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

துணி விஷயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. பனிமலையில் பாட்டு எடுப்பார்கள். அவன் கோட்டும் மப்ளரும் கையுறையும் போட்டிருப்பான், அவள் லைனிங்கூட இல்லாத சேலையில் ஆடுவாள். குளிரில் அவளுக்குப் பல் கிட்டிப்போகும், நமக்குக் காதல் என்று காட்டுவார்கள். நீயும் முதல் பாதியில் அவளுக்கு ஜீன்ஸ் போட்டுவிட்டு, அவன் ஒரு வசனம் பேசியதும் புடவையில் தலை நிறைய மல்லிகைப்பூவோடு கொண்டுவந்து நிறுத்துகிறாய். யார் வாங்கிக் கொடுத்த புடவை, ரவிக்கையை எப்போது தைத்தாள்?

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய விஷயம். உன் கதையில் அவள் வேண்டாம் என்கிறாள், முறைக்கிறாள். இவன் காலேஜ், கோயில், தோழி வீடு என்று பின்னாலேயே போகிறான். அடுத்த பாட்டில் அவள் சிரித்துவிடுகிறாள். போன மாசம் ஒரு பெண் கடைக்குள் வேகமாக வந்து, "ஜாக்கெட் ஆல்டர் பண்ணணும்க்கா" என்று பையில் இல்லாத ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டே நின்றாள். வாசலில் ஒருவன் பைக்கை நிறுத்திப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவன் கிளம்பிப்போகிற வரைக்கும் மிஷின் சத்தத்தைத் தவிரக் கடையில் பேச்சே இல்லை. 2012 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெண்ணின் முகத்தில் காரைக்காலில் ஒருவன் ஆசிட் ஊற்றினானே, அவனும் வேண்டாம் என்று சொன்ன பிறகு விடாமல் துரத்தியவன்தான். அவள் சில மாதத்தில் செத்துப்போனாள். 2013இலிருந்து, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் சுற்றினாலே குற்றம், முதல் தடவையே ஜெயிலுக்குப் போகலாம் என்று யூனிஃபார்ம் தைக்க வருகிற மகளிர் ஸ்டேஷன் ஏட்டம்மா சொன்னார். உன் ஹீரோ அந்தக் கணக்கில் இன்டர்வெலுக்கு முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டியவன்.

காதலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் அவனைப் பார்க்கட்டும், அவளாக ஒரு நாள் வந்து பேசட்டும். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை கொடு. முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவளாக இருந்தாலும் சரி, லேப் டெக்னீஷியனாக இருந்தாலும் சரி. நண்பனுக்கு வட்டிக்கணக்கு எழுதினாயே, அதே மாதிரி இவளுக்கும் ஒரு பக்கம் எழுது.

புரொட்யூசர் காஸ்ட்யூமுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றாயே, துணியை எடுத்து அனுப்பு, நானே தைத்துத் தருகிறேன். நடிக்கிற பெண்ணின் அளவை அவளிடமே கேட்டு எழுது, நீயாகக் குத்துமதிப்பாகப் போடாதே. தீபாவளி நெருக்கத்தில் அனுப்பினால் தைக்க முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்மா